டைகருக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் டைகர் நான்கு வயது ஆண் பூனை. இரண்டு நாளாக அடிக்கடி மணல் தட்டில் போய் உட்காருகிறான். சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் வருகிறது, லேசாக ரத்தமும் தெரிகிறது. இதற்கு முன் பொங்கலுக்கு வீட்டில் பெயின்ட் அடித்தபோது ஒரு முறையும், கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வந்திருந்தபோது ஒரு முறையும் இப்படி வந்தது. இரண்டு தடவையும் பார்லி தண்ணீரிலேயே சரியானது. இப்போது வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கச் சொல்கிறார்கள். ஊசி, மாத்திரை இல்லாமல் இயற்கையாகக் குணமாக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசி, டைகரை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டோம். இதே தவிப்பில் இருக்கும் மற்றவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற பொருளோ படிகங்களோ கொஞ்சம் திரண்டாலே அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுபோகும். திரும்பத் திரும்ப முக்கியும் மணல் நனையவில்லை, கத்துகிறது, வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை என்றால் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம், நிரம்பிய சிறுநீர்ப்பை வெடித்துவிடலாம். மயக்கம் கொடுத்துக் குழாய் செருகித்தான் அடைப்பை எடுக்க முடியும். அதற்கு வீட்டு வைத்தியமே கிடையாது.

அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? சரி, இனி பார்லி தண்ணீருக்கு வருவோம். பத்து வயதுக்குக் குறைவான பூனைகளுக்கு இப்படி வந்தால் நாம் உடனே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்கிறோம். ஆனால் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் கிருமியே இருப்பதில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் தானாகவே அழற்சியாகிறது. அதைத் தூண்டுவதில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெயின்ட் வாடை, வீடு நிறையப் பிள்ளைகள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த அழற்சி பல பூனைகளுக்கு ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும். அந்த வாரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போயிருக்கும்.

வயதான பூனைகள், சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பூனைகள் கதை வேறு. அவற்றுக்கு உண்மையான கிருமித்தொற்று வரும். சிறுநீரைக் கல்ச்சர் செய்து (அதாவது கிருமியை வளர்த்து, எந்த வகை என்று பார்த்து), அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்தே ஆக வேண்டும்.

வாழைத்தண்டும் நெருஞ்சிலும் மனிதர்களுக்குப் பழகிய மருந்துகள். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று வரையறுக்கப்படவில்லை. அடைப்பிருக்கும்போது சிறுநீரைப் பெருக்கினால் ஆபத்துதான் கூடும். பிடித்து வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம், பயமும் சேர்ந்துகொள்ளும். இணையத்தில் சொல்லப்படும் ஆப்பிள் சிடர் வினிகரும் வேண்டாம். சிறுநீரில் புளிப்பு கூடினால் சில வகைக் கற்கள் உருவாவது அதிகமாகும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை, இரையின் ஈரத்திலேயே காலம் தள்ளியவை. அதனால் பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவு. கடையில் வாங்கும் உலர் தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம்தான் இருக்கும். ஈர உணவில் எழுபத்தைந்துக்கு மேல். நான்கு கிலோ பூனைக்கு உணவிலிருப்பதையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். ஆகவே ஈர உணவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உலர் தீவனம்தான் கட்டுப்படியாகும் என்றால் வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கொடுங்கள். மத்தி மீனையோ கோழியையோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாற்றை ஊற்றினால் டைகர் நக்கி முடித்துவிடுவான். அதில் உப்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை பூனைக்கு விஷம். கருவாட்டை அடியோடு நிறுத்துங்கள். மீசை இடிக்காத அகலக் கிண்ணங்களில், சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

ஒரு பூனைக்கு இரண்டு மணல் தட்டு வையுங்கள். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். அள்ளும்போதே எவ்வளவு போயிருக்கிறான் என்று தெரிந்துவிடும். தீபாவளி வெடிச் சத்தத்திலும் விருந்தாளிகள் வரும்போதும் அவன் போய்ப் பதுங்க ஓர் அறையை விட்டுவையுங்கள். பிள்ளைகளிடம் அங்கே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து முறைத்தால் திரை போட்டுவிடுங்கள். சாயங்காலம் பத்து நிமிடம் ஒரு கயிற்றை இழுத்து அவனோடு விளையாடுங்கள்.

இது மூன்றாவது முறை என்பதால் அடுத்த பரிசோதனையில் சிறுநீர்ச் சோதனையோடு ஸ்கேனும் கேளுங்கள். விருதுநகரில் ஸ்கேன் வசதி கிடைக்காவிட்டால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். கல் இருந்தால் அது எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு எந்த உணவு சரி என்று மருத்துவரால் சொல்ல முடியும்.