பாட்டரி செத்த ரெய்டு கார்டை வாங்கலாமா?

கேள்வி: நானும் தம்பியும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், காவடி, தீமிதி என்று வீடியோ எடுத்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறோம். ஆறு கோர் ரைசன் டெஸ்க்டாப், 32 ஜிபி ரேம், விண்டோஸ் 11. புதிதாக நான்கு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் சர்வரிலிருந்து கழற்றிய, பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து நடத்தும் ரெய்டு கார்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். 2010 வாக்கில் வந்த மாடல், எட்டு போர்ட், 512 எம்பி கேஷ் (தற்காலிக நினைவகம்), பாட்டரி மட்டும் செத்துவிட்டதாம். விண்டோஸிலேயே ரெய்டு போட்டால் கம்ப்யூட்டர் இழுக்கும், கார்டு போட்டால்தான் வேகம் என்கிறார். உண்மையா? மதர்போர்டிலும் ரெய்டு இருக்கிறதே, அது எந்த வகை?

பதில்: வாங்க வேண்டாம். ஆனால் அவர் சொல்வதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஒரு காலத்தில் அது முழு உண்மை, இன்றும் ஓர் இடத்தில் உண்மை. டர்பனில் இந்த மாதிரிக் கேள்வியைத் தமிழில் எழுதிக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரெய்டு என்ற பெயரைப் பரப்பியது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டலாம் என்பது அவர்கள் யோசனை. தொண்ணூறுகளின் டெஸ்க்டாப்பில் இதை சாஃப்ட்வேரால் செய்வது பெரும்பாடு. கார்டுகள் செருகுகிற பொது வழியான அன்றைய பிசிஐ பஸ் மொத்தமாகவே நொடிக்கு 133 எம்பிதான் தாங்கும். அதையும் நெட்வொர்க் கார்டு, சவுண்டு கார்டு எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். மிரர் செய்தால், அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதினால், ஒரே ஃபைல் அந்தச் சந்துக்குள் இரண்டு தடவை போக வேண்டும். கார்டு இருந்தால் ஒரு தடவை கொடுத்தால் போதும், நகல் எடுப்பது அதன் பாடு. ஒரு டிஸ்க் போனாலும் அதிலிருந்ததைத் திரும்பக் கட்ட ரெய்டு 5 வைத்துக்கொள்ளும் பாரிட்டிக் கணக்கும் அன்றைய பென்டியத்துக்குப் பாரம்தான்.

இன்று அந்தச் சந்தும் இல்லை, அந்தப் பாரமும் இல்லை. பாரிட்டி என்பது எக்ஸ்ஓஆர் என்ற மிக எளிய கணக்கு. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்டு 6-க்கான இந்த வகைக் கணக்கை லினக்ஸ் தானே ஓட்டிப் பார்த்து, பிராசசர் எவ்வளவு வேகத்தில் செய்கிறது என்று பூட் ஆகும்போது எழுதிக் காட்டும். சாதாரண டெஸ்க்டாப்பிலேயே நொடிக்குப் பத்தாயிரம் எம்பியைத் தாண்டும். உங்கள் டிஸ்க் ஒன்றுக்கு நொடிக்கு 180 எம்பி என்று வைத்துக்கொண்டால் நான்கும் சேர்ந்தே 720 எம்பிதான். உங்கள் ரைசனுக்கு அது உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. மாறாக, அந்தத் தலைமுறைக் கார்டுகளில் பரவலாக இருந்தது 800 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி சிப். கணக்குப் போடுகிற திறமையை வைத்துப் பார்த்தால் நீங்கள் மெதுவான கம்ப்யூட்டர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வேகமான கம்ப்யூட்டருக்குள் செருகப் போகிறீர்கள்.

அப்படியானால் சர்வர்காரர்கள் ஏன் இன்னும் கார்டு வாங்குகிறார்கள்? கேஷுக்காக. பாட்டரி உள்ள கேஷுக்காக.

ரெய்டு 5-இல் ஒரு சின்னத் துண்டை மாற்றி எழுத வேண்டுமானால் பழைய துண்டைப் படிக்க வேண்டும், பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும், பிறகு புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு வேலை. ரெய்டு 6 என்றால் ஆறு. ஹார்ட் டிஸ்க்கின் தலை அங்குமிங்கும் ஓடினால் நொடிக்கு நூறு தடவைகூடத் தாண்டாது என்பதால் சின்னச் சின்னதாக எழுதும்போது ரெய்டு 5 நொண்டும். இங்கேதான் கார்டு கைகொடுக்கிறது. கல்யாண வீட்டில் மொய் வாங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, போய்ச் சாப்பிடுங்க" என்கிறார். நோட்டில் பேர் எழுதுவதெல்லாம் கூட்டம் குறைந்த பிறகு. வரிசை சட்டென்று நகர்கிறது. கார்டும் அப்படித்தான்: துண்டுகளைக் கேஷில் வாங்கிக்கொண்டு "எழுதியாச்சு" என்று விண்டோஸிடம் சொல்லிவிடும், பிறகு ஒழுங்குபடுத்தி டிஸ்க்கில் இறக்கும். இதற்கு ரைட்-பேக் என்று பெயர். நடுவில் கரண்ட் போனால்? பாட்டரி கேஷை உயிரோடு வைத்திருக்கும், கரண்ட் வந்ததும் மிச்சத்தை எழுதி முடிக்கும்.

பாட்டரி செத்த கார்டில் அந்த மொய்ப்பை இல்லை. நல்ல கார்டு அதைத் தெரிந்துகொண்டு தானாகவே ரைட்-துரூ முறைக்கு மாறிவிடும். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் "எழுதியாச்சு" என்று சொல்லும். நாணயமான நடத்தை, ஆனால் வேகம் படுத்துவிடும். பாட்டரி செத்த கார்டு, எழுதுவதில் விண்டோஸின் ரெய்டைவிட மெதுவாக ஓடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கார்டின் செட்டிங்கில் "பாட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்" என்று ஒரு தேர்வு இருக்கும். உங்கள் நண்பர் அதைப் போட்டுத் தருவார் என்று பயப்படுகிறேன், ஏனென்றால் நானே ஒரு முறை போட்டிருக்கிறேன். ஒரு ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர், இதே கதை, பாட்டரி போய் வேகம் விழுந்திருந்தது. புது பாட்டரி வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்காகும் என்றார்கள். அதுவரை ஓடட்டும் என்று அந்தத் தேர்வைப் போட்டேன். பறந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்பதாம் நாள் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது நான்கு டிஸ்க்கும் நலம், கார்டும் நலம், உள்ளே ஃபைல் பட்டியலைத்தான் காணோம். டிஸ்க் ஒன்றுகூடக் கெடாமல் டேட்டாவை இழந்தது அந்த ஒரு தடவைதான். குற்றம் முழுக்க என்னுடையது.

நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். 2022, 2023-இல் ஆறாம் கட்ட லோட் ஷெடிங்கில் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவதில்) தினமும் பல தடவை கரண்ட் போன காலத்தை மறக்க முடியுமா? 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெருமளவு குறைந்தது என்றாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று பேட்டைக்குப் பேட்டை கரண்ட் போவது நின்றபாடில்லை. ரெய்டு 5-க்கு இன்னொரு சங்கடமும் உண்டு: துண்டு எழுதி, பாரிட்டி எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு டிஸ்க் போகும்போது, அந்தப் பொருந்தாத பாரிட்டியை வைத்துக் கணக்குப் போட்டுக் குப்பையை எடுத்துக் கொடுக்கும். இதை ரைட் ஹோல் என்பார்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்கிறது என்றால் அது 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. காவடிக்கு நான்கு கேமரா, மூன்று மணி நேரம்: 540 ஜிபி. டைம்லைனில் நான்கையும் ஒன்றாக ஓட்டினாலும் நொடிக்கு 50 எம்பிதான் வேண்டும். பெரிய ஃபைல்களை வரிசையாகப் படிக்கிற, வரிசையாக எழுதுகிற வேலை இது. மொய்ப்பை கைகொடுக்கிற, சின்னச் சின்னதாக எழுதும் வேலை இதில் சொற்பம். 540 ஜிபியை இறக்கும்போது 512 எம்பி கேஷ் சில நொடியில் நிரம்பிவிடும், அப்புறம் டிஸ்க்கின் வேகம்தான் உங்கள் வேகம். கார்டு உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் டேட்டாபேஸ், ஒரே பெட்டியில் பல விர்ச்சுவல் மெஷின் என்று ஓடுகிற சர்வர் வேலை. தம்பி பக்கத்து அறையில் லேப்டாப்பில் நெட்வொர்க் வழியாகத் திறக்கிறார் என்றால் இன்னும் மோசம்: ஜிகாபிட் கேபிள் நொடிக்கு 110 எம்பி சொச்சத்தில் நின்றுவிடும், பின்னால் எந்த ரெய்டு இருந்தாலும் ஒன்றுதான்.

எடிட்டிங்கில் உண்மையாக இழுக்கிற இடம் புராஜெக்ட் ஃபைல், தம்ப்நெயில், எடிட்டர் உருவாக்கும் தற்காலிக ஃபைல்கள். அவற்றுக்கு 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். சாதாரண பிசிஐஇ 3.0 மாடலே நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கும். கார்டுக்கு வைத்த பணத்தில் பெரும்பகுதி இதற்கே போகட்டும்.

மதர்போர்டு ரெய்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வரும் பயாஸ் செட்டிங்கில் அமைப்பதால் ஹார்ட்வேர் போலத் தோன்றும். உள்ளே கணக்குப் போடுவது டிரைவர் வழியாக உங்கள் ரைசன்தான், அதனால் வேகத்திலும் சாஃப்ட்வேர் ரெய்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தொல்லை பிறகு வரும்: மதர்போர்டு போனால் அதே குடும்பத்து மதர்போர்டைத் தேட வேண்டும். கார்டுக்கும் இதே தலைவலி. அது செத்தால் அதே கம்பெனியின் பொருந்துகிற மாடல் வேண்டும். விண்டோஸிலேயே வரும் சாஃப்ட்வேர் ரெய்டான ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் கட்டிய டிஸ்க்குகளை அதே பதிப்போ அதற்குப் பிந்தைய பதிப்போ உள்ள வேறு எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினாலும் அடையாளம் கண்டுகொள்ளும். எனக்கு வேகத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

கார்டு பற்றிக் கடைசியாக ஒன்று. சர்வரில் முன்னாலிருந்து பின்னால் காற்று சீறிக்கொண்டே போகும், அதை நம்பி வடிவமைத்த சிப் அது. டெஸ்க்டாப் பெட்டிக்குள், அதுவும் டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில், தொட்டால் கை சுடும். போதாக்குறைக்கு, சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தைப் படிக்க முயன்று நீண்ட நேரம் மல்லாடினால், பொறுமையில்லாத கார்டு "இது செத்துவிட்டது" என்று நல்ல டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும்.

ஆக, ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் டூ-வே மிரர் போடுங்கள். நான்கு டிஸ்க்குக்கு 8 டெராபைட் கிடைக்கும், இரண்டிரண்டாகப் பிரித்து எழுதுவதால் எழுதும் வேகம் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் வரும், பாரிட்டியும் இல்லை, ரைட் ஹோலும் இல்லை. "12 டெராபைட் கிடைக்குமே" என்று பாரிட்டிக்குப் போகாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் அப்படியே கிளிக் செய்து பாரிட்டி போட்டவர்கள்தான் "சாஃப்ட்வேர் ரெய்டு நொடிக்கு 30, 40 எம்பிதான் எழுதுகிறது" என்று புலம்புகிறவர்கள்; உங்கள் நண்பரும் அதைத்தான் பார்த்திருப்பார். அது பிராசசரின் குற்றம் இல்லை. விண்டோஸ் ஒரு டிஸ்க்குக்கு 256 கேபி என்று துண்டு போடுகிறது, விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ் 4 கேபி கணக்கில் எழுதுகிறது, இரண்டும் பொருந்தாமல் ஒவ்வொரு முறை எழுதும்போதும் முன்னே சொன்ன நான்கு வேலைக் கதை நடக்கிறது. பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரையில்) மூன்று நெடுவரிசை (ஒரே தடவையில் துண்டுகள் பிரிந்து போகிற டிஸ்க்குகள்), 32 கேபி துண்டு, 64 கேபி கிளஸ்டர் (ஃபைல் எழுதும் அலகு) என்று பொருத்தி அமைத்தால் அதே டிஸ்க்குகள் பல மடங்கு வேகத்தில் எழுதும். மூன்று நெடுவரிசையில் இரண்டு டேட்டா, ஒன்று பாரிட்டி. இரண்டு 32 சேர்ந்தால் சரியாக 64. ஆனால் இப்படிக் கட்டினால் நான்கு டிஸ்க்கில் பயன்படுவது மூன்றில் இரண்டு பங்கு, 10.7 டெராபைட் மட்டும். மிரரைவிடக் கிடைக்கும் அந்த 2.7 டெராபைட்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

மிச்சப் பணத்தில் யூஎஸ்பி வயரோடு வருகிற யூபிஎஸ் ஒன்று வாங்கி, அந்த வயரையும் மறக்காமல் கம்ப்யூட்டரில் செருகுங்கள். யூபிஎஸ் வாங்கிவிட்டு, தானாக ஷட்டவுன் ஆகிற ஏற்பாட்டைச் செய்யாமலே விட்டவர்கள் வீடு வீடாக இருக்கிறார்கள். அப்புறம், மிரர் பேக்கப் ஆகாது. தவறி அழித்த ஃபைல் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அழியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டிஸ்க்கை இழந்தவர்களில் ரெய்டு வைத்திருந்தவர்களும் உண்டு. வெளிப்புற டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, மேட்டில் வீடு இருக்கிற சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

வேகத்தை நீங்களே அளந்து பார்க்க ஆசைப்பட்டால் 64 ஜிபிக்குக் குறையாத ஃபைலை வைத்து அளங்கள். சின்ன ஃபைல் என்றால் உங்கள் 32 ஜிபி ரேமின் வேகத்தையே டிஸ்க்கின் வேகம் என்று எண்ணி ஏமாறுவீர்கள். டேட்டா ஏற்றுவதற்கு முன்னால் வேறொன்றும் செய்யுங்கள். சும்மா பத்து ஃபைல் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள். ஃபைல்கள் திறக்கின்றனவா, விண்டோஸ் எங்கே எச்சரிக்கை காட்டுகிறது என்று இரண்டு பேரும் பாருங்கள். திரும்பச் செருகி, அது சரியாக எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து வையுங்கள். பத்து ஃபைலுக்கு நிமிடத்தில் முடிந்துவிடும்; நிறைந்த 4 டெராபைட் டிஸ்க்கை மாற்றிக் கட்ட, நொடிக்கு 150 எம்பி என்று வைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல். தைப்பூச வாரத்தில் அந்த ஏழு மணி நேரம் கிடைக்காது, அதனால் நான்கு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதி, எது எந்த போர்ட் என்று பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிடுங்கள்.