அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் தங்கைக்கு

கேள்வி: நான் திருகோணமலை, சாம்பல்தீவைச் சேர்ந்தவள். வயது 28. வரலாற்றில் 2021இல் பட்டம் பெற்றேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் ஒரு சீசன் வேலை செய்தேன். “பட்டம் படித்த பிள்ளை ஹோட்டலில் நிற்பதா?” என்று மாமா சத்தம் போட்டதால் விட்டுவிட்டேன். அரச நியமனம் வரும்வரை பொறு என்கிறார் அம்மா. என் வாழ்க்கை இப்படி நின்றுபோனதற்கு யாரைக் குறை சொல்வது? அந்த ஹோட்டல் விருந்தினரைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப் போய் விளக்கிய நாட்கள்தான் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தன.

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2020இல் அரசாங்கம் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. நீங்கள் படித்து முடித்த மறு ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது, ஆட்சேர்ப்பும் இறுகிப்போனது. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

ஆனால் ஹோட்டல் வேலையை விட்டது வேறு கதை. மாமா சத்தம் போட்டார், உண்மை. இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள். குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. மாமாதான் விடவைத்தார் என்று நினைக்கும்வரை, அவர் மனம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். நான்தான் விட்டேன் என்று ஒப்புக்கொண்டால், திரும்பப் போவதற்கும் உங்கள் சம்மதம் மட்டுமே போதும்.

யாரைக் குறை சொல்வது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசல் கல்லில், குளக்கோட்டன் மன்னன் பெயரால் சொல்லப்படும் கல்வெட்டைக் காட்டி, போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த கதையைச் சொல்ல வரலாறு படித்த ஒருவரைவிடப் பொருத்தமானவர் யார்? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவும் உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் வழங்குகிறது. குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டுமான வழிகாட்டி உரிமமும் உண்டு. ஆங்கிலத்தைக் கூர்மைப்படுத்துங்கள், சிங்களமும் பழகுங்கள். தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வரும் யாத்திரிகர்களுக்கும் இந்த மண்ணின் கதையைச் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும்.

நம் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் நிலாவெளி வெறிச்சோடிவிடும். அந்த மாதங்களை நினைத்துத்தான் அம்மா பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரண தரப் பரீட்சையில் வரலாறு கட்டாயப் பாடம். மார்கழி மழைக்குள்ளும் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். பெரிய வருமானம் கிடைக்காது, ஆனாலும் கை வெறுமையாக இருக்காது. அரச வேலை அறிவிப்புகள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம். தகுதியான பதவிக்கு விண்ணப்பியுங்கள், போட்டிப் பரீட்சைக்குப் படியுங்கள். வேலை செய்துகொண்டே இதையெல்லாம் செய்யலாம்.

அம்மாவோடு பொறுமையாகப் பேசுங்கள். இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட தலைமுறைக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு பெரிய காவல் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவமதிக்காதீர்கள். வரவு செலவைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மாமாவிடம் பிறகு சொன்னால் போதும். கலியாணப் பேச்சு வந்தாலும் இதே திட்டத்தைத்தான் அங்கேயும் சொல்ல வேண்டும்.

அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று பழைய ஹோட்டலில் இந்த வாரமே கேளுங்கள். வழிகாட்டிப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பம் கோருவார்கள் என்பதையும் விசாரியுங்கள். இரண்டுக்கும் என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.