நாங்களே உருவாக்கும் ரோல்பிளேயிங் விளையாட்டுப் புத்தகத்துக்கு நானே படம் வரையலாமா? எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: நண்பருடன் சேர்ந்து விளையாட்டை எழுதி முடித்துவிட்டீர்கள். ஏ5 அளவில் 40 பக்கம். ஓவியருக்குக் கொடுக்கப் பணம் போதாது. உங்களுக்கே ஓரளவு வரைய வரும். எத்தனை படம், எதை வரைவது, எப்படி அச்சுக்குக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். இத்தகைய சிறு புத்தகங்கள் நான்குக்கு நான் வரைந்திருக்கிறேன். தாராளமாக நீங்களே வரையலாம்.

இந்த விளையாட்டை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுப்பார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை உருளும். 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் இந்த வகைக்கு மூத்தது.

எதை வரைவது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். கதைப் புத்தகத்துக்கு வரையும்போது நடந்து முடிந்ததை வரைகிறோம். நாயகன் புலியைக் கொன்றான் என்று எழுதியிருந்தால் படத்திலும் கொல்லலாம். விளையாட்டுப் புத்தகத்தில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. புலியைக் கொல்வார்களா, அதனிடமிருந்து ஓடுவார்களா, அதற்குச் சோறு வைப்பார்களா என்பதை அன்றைக்கு மேசையில் இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். நாம் கொன்று காட்டிவிட்டால் அவர்களுடைய வேலையை நாமே செய்துவிடுகிறோம். அதனால் செயலை விட்டுவிட்டு, அதற்குச் சற்று முந்திய நொடியையோ பிந்திய நொடியையோ பிடியுங்கள்.

இதை நான் ஒரு கிணற்றால் கற்றுக்கொண்டேன். ஆளில்லாத கிராமத்தில் நடக்கும் ஒரு திகில் விளையாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தேன். கிணற்றிலிருந்து ஒன்று மேலேறி வரும் காட்சியைத்தான் முதலில் வரைந்தேன். நகம், பல், சொட்டும் பாசி என்று எதையும் விடவில்லை. இரண்டு மாலைகள் பிடித்தன. நண்பர்களை வைத்து ஆடிப் பார்த்தபோது, கதை நடத்தியவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். உடனே எல்லோரும் ஆயுதத்தை எடுத்தார்கள், பகடையை உருட்டினார்கள், பத்து நிமிடத்தில் அது செத்தது. யாரும் பயப்படவில்லை.

அடுத்த வாரம் வேறொன்று வரைந்தேன். கப்பி இருக்கிறது, தாம்புக்கயிறு பாதியில் அறுந்து தொங்குகிறது, வாளியைக் காணவில்லை. கைப்பிடிச்சுவர் மேல் ஈரக் காலடிகள். அவ்வளவுதான். இன்னொரு குழுவுக்குக் காட்டினோம். ஒரு பெண் படத்தைக் கையில் வாங்கி, விளக்குக்குக் கீழே பிடித்து, நீண்ட நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாமே இடது காலாக இருக்கிறதே?" நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஐந்து காலடிகளிலும் கட்டைவிரல் ஒரே பக்கம் இருந்தது. நான் யோசித்துச் செய்தது இல்லை, கை போன போக்கில் விழுந்தது. ஆனால் கதை நடத்தியவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமாம், எல்லாம் இடது கால்தான்" என்றார். மேசையே அமைதியாகிவிட்டது. அன்று இரவு முக்கால் மணி நேரம் அந்தக் கிணற்றடியிலேயே போனது. ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கத் துணியவில்லை. அந்தக் காலடிகளை நான் திருத்தாமலே அச்சுக்கு அனுப்பினேன்.

பெரிய ஓவியர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டுக்கு டேவிட் டிராம்பியர் வரைந்த அட்டையைத் தேடிப் பாருங்கள். பிரம்மாண்டமான ஒரு சிலை உட்கார்ந்திருக்கிறது. சண்டை முடிந்துவிட்டது. வென்றவர்கள் பல்லி மனிதர்களின் பிணங்களை இழுத்துப் போடுகிறார்கள். இரண்டு திருடர்கள் சிலையின் தலைமேல் ஏறி, கண்ணில் பதித்த ரத்தினத்தை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல் பெயர்ந்து வந்ததும் என்ன ஆகும்? அட்டை அதைச் சொல்வதில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஒருவர் புத்தகத்தைத் திறக்கிறார். அதைவிட நல்ல அட்டை இந்த வகையில் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே ஒவ்வொரு படத்தையும் பென்சில் நிலையிலேயே மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் நீட்டி, "நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "நன்றாக வரைந்திருக்கிறாய்" என்று பதில் வந்தால் எனக்கு அது போதாது. "அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன?" என்று திருப்பிக் கேட்டால் மை போடுவேன்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 40 பக்கத்துக்கு ஓர் அட்டை, மூன்று முழுப்பக்கப் படங்கள், உள்ளங்கை அளவில் எட்டுச் சின்னப் படங்கள், ஒரு வரைபடம் போதும். சின்னப் படங்களைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு சாவி, உடைந்த அரிக்கேன் விளக்கு, ஒரு கை: இவைதான் கதை நடத்துபவர் அவசரத்தில் பக்கம் புரட்டும்போது இடத்தை அடையாளம் காட்டும். "அந்த விளக்குப் படம் இருக்கும் பக்கம்" என்றுதான் அவர் நினைவு வைத்திருப்பார். வரைபடத்தைப் புத்தகத்தின் நடுவில் வையுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் 20, 21ஆம் பக்கங்கள் ஒரே தாளாக விரியும், தட்டையாகக் கிடக்கும். ஆட்டம் முழுக்க அதைத் திறந்தே வைத்திருக்கலாம். மற்ற இடங்களில் இரண்டு பக்கம் தாண்டும் படம் வைத்தால், மடிப்பில் யாருடைய முகமாவது சிக்கும்.

வண்ணத்துக்குப் போகாதீர்கள், அட்டையைத் தவிர. கறுப்பு மையில் உங்கள் கை சீராக வரும். எல்லாப் படமும் ஒரே கையில் வந்ததாக இருப்பது தனித்தனியாக அழகாக இருப்பதைவிட முக்கியம். ஏ4 தாளில் வரைந்து ஏ5க்குச் சுருக்குங்கள். சுருங்கும்போது 0.3 மில்லிமீட்டர் பேனாவின் கோடு 0.2 ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். 0.05 பேனாவால் மெனக்கெட்டுப் போட்ட நிழல் கோடுகள் சில இடத்தில் காணாமல் போகும், நெருக்கமான இடத்தில் ஒட்டிக்கொண்டு கறையாகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தெருமுனை ஜெராக்ஸ் கடை. 71 சதவீத அளவுக்குச் சுருக்கி ஒரு நகல் எடுத்தால் ஏ5 அளவு வந்துவிடும். அதைச் சுவரில் ஒட்டி நாலடி தள்ளி நின்று பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்க்கப்போவது அந்தத் தூரத்திலிருந்துதான்.

மை ஓவியத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), சாம்பல் நிறம் கலக்காத தூய கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் கலந்தால் அச்சில் புள்ளிகளாகி, கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். பக்க விளிம்புவரை போகும் படத்துக்கு ஒவ்வொரு வெட்டு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வையுங்கள். வண்ண அட்டையில் இருட்டு வேண்டுமென்று நான்கு மைகளையும் கொட்டிவிடாதீர்கள். இவ்வகை விளையாட்டுப் புத்தகங்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையதளத்தின் வழியே அச்சிட்டு விற்பதானால், ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களைக் கூட்டினால் 240ஐத் தாண்டக் கூடாது.

கை ஓயும்போது பழைய ஓவியங்களைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அப்படியே ஒட்டாமல், உங்கள் பேனாவால் அதன் மேல் வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டையாகத் தெரியும்.

"படமே இல்லாமல் வெளியிட்டால் என்ன?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்வீடனிலிருந்து வந்த மோர்க் போர்க் என்ற விளையாட்டின் விதிகள் முழுவதும், படமில்லாத பதிப்பாக, இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் யோஹான் நோர் வடிவமைத்த அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை உலகம் முழுக்கக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விதியைப் படித்தால் ஆடத் தெரியும். அந்த உலகம் எப்படி நாறும், எவ்வளவு குளிரும் என்பதைப் படம்தான் சொல்கிறது.

கடைசியாக உரிமை. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். என் முதல் வேலையில் ஒரு சிறு பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி பேசி ஒன்பது படங்கள் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவை சீட்டுக்கட்டாகவும் விற்பனைக்கு வந்தன. எனக்குத் தகவலும் இல்லை, பணமும் இல்லை. என் பெயரும் இல்லை. பெயர் போடச் சொல்லும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது.

இந்திய பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு, பணம் வாங்கிக்கொண்டு தீட்டிய ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் உலகம் முழுக்கப் பிடிஎஃப் விற்கப் போகிறீர்கள். நாளைக்கு இன்னோர் ஓவியரிடம் அட்டை வாங்கினால் இந்த இரண்டும் உங்களையே கடிக்கும்.

நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு தாள் போதும்: எந்தப் படங்கள், எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, வேறு பொருளாக விற்றால் என்ன பங்கு, பெயர் எங்கே வரும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்ட பிறகு அட்டைப் படத்துக்குப் பென்சிலை எடுங்கள்.