நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தில் ‘ஓய்வு உத்தி’ என்றால் என்ன?

பனியில் நாய்கள் வண்டி இழுக்கும் பந்தயத்தில் எவ்வளவு நேரம் ஓடுவது, எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கணக்குதான் ஓய்வு உத்தி. அலாஸ்காவின் இடிடாரோட் பந்தயம் சுமார் 1,600 கி.மீ. அதில் 24 மணி நேர ஓய்வு ஒன்றும் 8 மணி நேர ஓய்வு இரண்டும் கட்டாயம். மற்றதெல்லாம் ஓட்டுபவர் முடிவு. 6 மணி நேரம் ஓட்டம், 6 மணி நேரம் ஓய்வு என்று பலர் தொடங்குவார்கள்.

நாய் களைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். அளவு மீறிக் களைத்த நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடும். நாளுக்குச் சுமார் 10,000 கலோரி எரிக்கிற உடம்பு அது. ஒரு வேளை தவறினாலே அடுத்த ஓட்டத்தில் இழுவைக் கயிறு தொய்யும். களைப்பும் கடன் மாதிரிதான்: உடனுக்குடன் அடைத்தால் அசலோடு போகும், இழுத்தடித்தால் வட்டி குட்டி போடும்.

பகல் வெயிலில் படுக்கவைத்து, குளிர்ந்த இரவில் ஓட்டுவது நல்லது. உறைபனியிலும் இந்த நாய்களுக்குச் சூடுதான் தொல்லை.

நின்றதும் நாய்களின் காலுறைகளைக் கழற்ற வேண்டும். ஈர உறையோடு படுத்தால் பாதம் வீங்கும். பிறகு வைக்கோல் பரப்பி, பனியை உருக்கி, இறைச்சிக் கஞ்சி கொடுத்து, முன்னங்கால் மணிக்கட்டுகளைத் தடவிப் பார்க்க வேண்டும்.

நாய்கள் தூங்கும்போது ஓட்டுபவரும் தூங்குவார் என்று பலர் நினைக்கிறார்கள். 4 மணி நேர நிறுத்தத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.