காட்டுத்தீ கதிரியக்கத்தைப் பரப்புமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செர்னோபில் அணு உலை வெடித்தது 1986ஆம் ஆண்டில். 2020இல் அதைச் சுற்றியுள்ள காடு தீப்பற்றியபோது கதிரியக்கம் மீண்டும் பரவுவதாகச் செய்திகள் வந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது காட்டில் எப்படித் தங்கியிருக்கிறது? தீயில் எரிந்து அழிந்துவிடாதா?

பதில்: அழியாது. எரிதல் என்பது வேதிவினை. அது மூலக்கூறுகளைப் பிரிக்குமே தவிர அணுக்கருவைத் தொடாது. ஆகவே மரம் சாம்பலானாலும் அதிலிருந்த சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் சீசியமாகவே நீடித்து, முன்பிருந்த அதே வேகத்தில் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்பதால், 1986இல் மண்ணில் விழுந்ததில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு 2020இலும் எஞ்சியிருந்தது.

அது காட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம் மரங்களே. வேதியியல் பண்புகளில் சீசியம் பொட்டாசியத்தையும், விபத்தில் சிதறிய மற்றொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தையும் ஒத்திருக்கின்றன. வேர்கள் அவற்றைச் சத்துகளாக எண்ணி உறிஞ்சுகின்றன. இலையாகவும் பட்டையாகவும் அவை மீண்டும் தரையில் விழுகின்றன. சருகு மட்கியதும் வேர்கள் மறுபடி உறிஞ்சுகின்றன. இந்தச் சுழற்சியால் சீசியத்தின் பெரும்பகுதி சருகுப் படலத்திலும் மண்ணின் மேல் சில சென்டிமீட்டர் ஆழத்திலுமே நின்றுவிடுகிறது. தரையோடு ஊர்ந்து செல்லும் தீ முதலில் எரிப்பதும் அந்தச் சருகுப் படலத்தைத்தான் என்பதை நாம் கவலையோடு கவனிக்க வேண்டும்.

தீயின் வெப்பத்தில் சீசியத்தின் ஒரு பகுதி ஆவியாகி, மேலே குளிர்ந்து, புகையின் நுண்துகள்கள்மீது படிந்து காற்றோடு நெடுந்தொலைவு செல்கிறது. ஸ்ட்ரான்சியமும் புளூட்டோனியமும் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. அவை சாம்பல் துகள்களோடு கிளம்பி, பெரும்பாலும் அருகிலேயே விழுந்துவிடுகின்றன. மொத்தத்தில், எரிந்த இடத்துச் சாம்பலில் தங்குவதே அதிகம். புகையோடு போவது சிறு பங்கு. ஆனால் சாம்பலில் உள்ளவை சருகில் இருந்ததைவிட எளிதாக நீரில் கரையக்கூடியவை. பற்றிப் பிடிக்க வேரும் புல்லும் இல்லாத நிலத்தில் மழை பெய்தால், அவை ஓடைகள் வழியே பிரிப்யாட் ஆற்றையும், அது சேரும் டினீப்பர் ஆற்றையும் நோக்கிச் செல்ல வழி உண்டாகிறது. புகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இந்த நீர்வழியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

கேள்வி: அப்படியானால் அந்தப் புகையால் தொலைவில் இருந்த மக்களும் பாதிக்கப்பட்டார்களா?

பதில்: கதிரியக்கத்தால் அவர்களுக்கு ஆபத்து நேரவில்லை என்பதே அளவீடுகள் காட்டிய உண்மை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பற்றிய அந்தத் தீ, கைவிடப்பட்ட பிரிப்யாட் நகரத்தை நெருங்கும் அளவுக்குப் பரவியது. ஏப்ரல் நடுவில் பெய்த மழையால்தான் அதன் வேகம் தணிந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கிலுள்ள கீவ் நகரின் காற்றில் சீசியம் சற்று உயர்ந்தபோதிலும் அது தீங்கு விளைவிக்கும் அளவுக்கு வெகு கீழேயே இருந்தது. சர்வதேச அணுசக்தி முகமையும் அபாயகரமான உயர்வு எதுவும் இல்லை என்றே அறிவித்தது. அந்நாட்களில் கீவ் மக்களின் நுரையீரலை உண்மையில் வருத்தியது எந்தக் காட்டுத்தீயிலிருந்தும் வரக்கூடிய சாதாரணப் புகைதான்.

ஆனால் தீயின் எதிரே நின்றவர்களின் நிலை வேறு. தீயணைப்பு வீரர்கள் தரையிலிருந்து வரும் கதிர்வீச்சுக்கு ஆளாவதோடு, சாம்பல் தூசியையும் சுவாசிக்க நேர்கிறது. அந்தத் தூசியில் புளூட்டோனியத்தோடு அமெரிசியம்-241உம் கலந்திருக்கக்கூடும். விபத்தில் சிதறிய புளூட்டோனியம்-241, ஏறத்தாழ 14 ஆண்டு அரைவாழ்வுக் காலத்தில் சிதைந்து அமெரிசியமாக மாறிக்கொண்டிருப்பதால், காலம் செல்லச் செல்லக் கதிரியக்கப் பொருள்கள் எல்லாமே குறைந்துவிடும் என்று கருதுவதும் சரியன்று. அமெரிசியத்தின் அளவு அந்த மண்ணில் பல பத்தாண்டுகளாகக் கூடிவருகிறது. இவை வெளியிடும் ஆல்ஃபா கதிர்களைத் தோலே தடுத்துவிடும். மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்கினால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. தொலைதூர நகரங்களுக்காக அஞ்சிய அளவுக்கு, சுவாசக் கவசமும் கதிர்வீச்சு அளவுமானியும் இந்த வீரர்களுக்கு முறையாகக் கிடைக்கின்றனவா என்று உலகம் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இந்த ஆபத்து செர்னோபிலுக்கு மட்டும் உரியதா? தடுக்க வழி உண்டா?

பதில்: அங்கு மட்டும் அன்று. ஃபுக்குஷிமா விபத்தால் மாசுபட்ட நாமியே பகுதியில் 2017 வசந்தகாலத்தில் காடு எரிந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய செர்ரோ கிராண்டே தீ, லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் நிலத்துக்குள் புகுந்தது. அதன்பின் மாசுபட்ட வண்டல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுமோ என்று அஞ்சி, அங்குள்ள பள்ளத்தாக்கு ஒன்றில் வெள்ளத்தடுப்பு அணையே கட்டினார்கள்.

மாசுபட்ட காட்டிலிருந்து கதிரியக்கத்தை முழுவதுமாக அகற்றுவது நடைமுறையில் இயலாதது. காய்ந்த மரங்களை அகற்றுவது, தீத்தடுப்புக் கோடுகளைச் செடி முளைக்காமல் பேணுவது, வண்டிகள் செல்லும் பாதைகளைத் திறந்துவைப்பது, புகை எழுந்த உடனே கண்டறிவது ஆகியவையே கைக்கு எட்டும் வழிகள். ஆள் நடமாட்டம் இல்லாத மண்டலத்தில் இவற்றைச் செய்யப் பணமும் ஆட்களும் எளிதில் கிடைப்பதில்லை. செர்னோபில் மண்டலத்திலோ, 2022இல் போர் அப்பகுதியைக் கடந்த பிறகு மண்ணுக்குள் கண்ணிவெடிகளும் சேர்ந்துகொண்டதால், தீயணைப்பு வண்டிகள் முன்பு சென்ற இடங்களுக்கெல்லாம் இப்போது அச்சமின்றிச் செல்ல முடிவதில்லை.