பரோலோ: வெளிறிய நிறமும் கடுந்துவர்ப்பும்

கேள்வி: இத்தாலியின் பரோலோவை ‘ஒயின்களின் அரசன்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் படங்களில் பார்த்தால், கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் தெரியும் அளவுக்கு வெளிறியிருக்கிறது. அந்தப் பட்டம் இதற்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: சிவப்பு ஒயினின் வலுவை நிறத்தைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் பரோலோவிடம் செல்லாது. இது நெப்பியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படுவது. அதன் தோலிலுள்ள நிறமிகள் எளிதில் சிதைபவை. ஆகவே இளமையிலேயே மாணிக்கச் சிவப்பு மங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்பில் செங்கல் நிறம் படர்ந்துவிடும். ஆனால் அதே தோலும் விதையும் தருகிற டானின், அதாவது நாக்கையும் ஈறுகளையும் இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு, மிகக் கடுமையானது. அதனோடு கூர்மையான புளிப்பும், விதிப்படி குறைந்தது 13 விழுக்காடு ஆல்கஹாலும் சேர்வதால், கண்ணுக்கு மெலிந்து தெரிவது வாயில் முரட்டுத்தனமாக நிற்கும். மணத்தைச் சொல்பவர்கள் வழக்கமாக ரோஜாவையும் சாலை போடும் தாரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். பொருந்தாத இணையாகத் தோன்றினாலும், இதைவிடப் பொருத்தமான விவரிப்பு இதுவரை அமையவில்லை என்பதே என் கருத்து.

இந்தக் குணத்துக்கு நிலமும் காரணம். வடமேற்கு இத்தாலியின் பியமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள லாங்கே குன்றுகளில் இது விளைகிறது. நெப்பியோலோ முன்கூட்டியே துளிர்த்து மிகத் தாமதமாகப் பழுக்கும் கொடி என்பதால், வசந்தகால உறைபனிக்கும் இலையுதிர்கால மழைக்கும் ஒருசேர அஞ்ச வேண்டியிருக்கிறது. எனவே வெயில் நன்றாக விழும் சரிவுகளே அதற்கு ஒதுக்கப்படுகின்றன. வடக்கு நோக்கிய சரிவில் விளைந்ததை பரோலோ என்று விற்க விதி இடம் தருவதில்லை. அறுவடை நடக்கும் அக்டோபரில் பள்ளத்தாக்குகளை மூடும் பனிமூட்டத்தின் இத்தாலியப் பெயரான ‘நெப்பியா’விலிருந்தே திராட்சையின் பெயர் வந்தது என்பார்கள், பழத்தின் மேல் படியும் வெண்துகளைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு.

துவர்ப்பு தணியக் காலம் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருந்த பிறகே பரோலோ விற்பனைக்கு வரலாம். ‘ரிசெர்வா’ என்று குறிப்பிட 62 மாதங்கள் வேண்டும். இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. 1980இல் இதற்குக் கிடைத்தது.

கேள்வி: எந்த ஊரில் விளைந்தாலும் பரோலோ ஒரே மாதிரி இருக்குமா?

பதில்: இருக்காது. பரோலோ என்பது ஓர் ஊரின் பெயர். ஆனால் ஒயின் 11 ஊராட்சிகளின் நிலத்திலிருந்து வருகிறது. மேற்கே லா மோரா, பரோலோ ஊர்களில் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் மிகுதி என்பதால் அங்கிருந்து வருபவை மணம் மிக்கவையாகவும் சற்று விரைவில் பதப்படுபவையாகவும் இருக்கின்றன. கிழக்கே செரலுங்கா தால்பாவிலும் மோன்ஃபோர்த்தே தால்பாவிலும் மண் பழையது, மணற்பாறை கலந்தது. அங்கு விளைந்த ஒயின் இறுக்கமானது, நெடுநாள் தாங்குவது. இந்தப் பிரிவினையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் சரிவுக்குச் சரிவு வேறுபாடு உண்டு. அதனால்தான் 2010இல் தோட்டப் பகுதிகளின் பெயர்களுக்கும் எல்லைகளுக்கும் அதிகாரபூர்வ ஏற்பு வழங்கப்பட்டது. அவற்றுள் புகழ்பெற்ற கன்னுபி குன்றின் பெயர் 1752ஆம் ஆண்டு குறித்த ஒரு புட்டியிலேயே காணப்படுகிறது.

கேள்வி: ‘பரோலோ போர்’ என்று ஒன்று நடந்ததாமே?

பதில்: நடந்தது, பீப்பாய்களுக்காக. முந்தைய தலைமுறையினர் சாற்றை வாரக்கணக்கில் தோலோடு ஊறவைத்து, பழைய பெரும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1980களில் ஒரு சாரார் ஊறலைச் சில நாட்களாகச் சுருக்கி, ‘பாரிக்’ எனப்படும் சிறிய புதிய ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். இளமையிலேயே குடிக்கத்தக்கதாக இருந்தாலும், புதிய மரத்தின் வனிலா வாடை ரோஜாவையும் தாரையும் மறைத்துவிடும் என்ற எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். புதிய முறைக்கு மாறியவர்களுள் ஒருவரான எலியோ அல்தாரே 1983இல் தம் தந்தையின் பெரும் பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். எதிரணியில் நின்ற பார்த்தோலோ மஸ்கரெல்லோவோ தம் புட்டிகளில் ஒட்டத் தாமே வரைந்த சீட்டில், ‘பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்’ என்று இத்தாலிய அரசியல்வாதி ஒருவரின் பெயரை இழுத்து அரசியலையும் சேர்த்து எழுதிவைத்தார்.