சட்டியில் இருப்பது

அன்புள்ள அண்ணா,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் இருக்கிறேன். ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது தமிழ் மீடியம், மண்டியில் பேசுவது பாதி மலையாளம். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு கதை எழுதுவேன். இதுவரை 6 கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன.

ஏழாவது கதையால்தான் பிரச்சினை. படுக்கையில் கிடக்கும் அம்மா ராத்திரி எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடுகிறாள். அடுத்த அறையில் மகள் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். போகவில்லை. தட்டுவதை எண்ணுகிறாள். 17 தட்டு. பிறகு சத்தம் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவது போல ஒரே ராத்திரியில் எழுதினேன். காலையில் கொஞ்சம் திருத்தினேன்.

என் அம்மாவும் 2 வருஷம் படுக்கையில் இருந்துதான் போனார். நான்தான் பார்த்துக்கொண்டேன். திருப்பூரில் இருக்கும் என் அக்கா கதையைப் படித்துவிட்டு போன் செய்தாள். "சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்? உன் மனசுல இவ்வளவு விஷமாடீ?" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. அந்த வேகத்தில் வந்ததுதான் என் நிஜமான உள்மனசா அண்ணா? தொகுப்பு போடும்போது இந்தக் கதையை எடுத்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் வந்து 3 வாரம் ஆகிவிட்டது. கொஞ்சம் சோம்பல், மீதி உங்கள் அக்காவின் பழமொழி. அதற்கு எனக்குச் சட்டென்று பதில் கிடைக்கவில்லை. பழமொழி சரிதான், சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது. ஆனால் அதையெல்லாம் சட்டியில் போட்டது யார் என்று அது சொல்வதில்லை. நாம்தான் போட்டோம் என்று எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறோம்.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில். சில வருஷங்களுக்கு முன் பாலக்காட்டுக்கு மேற்கே ஒரு பகவதி கோயிலில் தோல்பாவைக் கூத்து பார்க்கப் போயிருந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று நீளமாக ஒரு கட்டடம். அதில் 42 அடிக்குத் திரை. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு, எல்லாம் தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. மான் தோலில் வெட்டிய பாவைகள். மலையாள நாட்டில், மலையாளம் பேசுகிறவர்கள் நடத்துகிற கூத்து, ஆனால் பாடுவது நம் கம்பன் பாட்டு. தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போடப் போயிருந்ததால் பத்ரகாளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லையாம். அவளுக்கு அதைக் காட்டுவதற்குத்தான் கூத்து. அதனால் எதிரே ஆள் இருக்கிறதா என்ற கவலையே அவர்களுக்கு இல்லை. நான் போன அன்று நடுநிசிக்கு மேல் 6 பேர் இருந்தோம். 4 பேர் தூங்கிவிட்டார்கள்.

அன்றைக்குக் கும்பகர்ணன் கதை. விபீஷணன் வந்து, அண்ணா, ராமன் பக்கம் வந்துவிடு என்று கூப்பிடுகிற இடம். கூத்து நடத்துகிற வயதான புலவர் ஒருவர்தான் இரண்டு பேருக்கும் பேசினார். ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொல்லும்போது அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதையும் சேர்த்துக்கொள்வார்கள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. மற்ற பாட்டுகளை வேகமாகத் தாண்டி வந்தவர், இந்த வாழ்வைக் கும்பகர்ணன் 'நீர்க்கோல வாழ்வு' என்று சொல்கிற இடத்தில் நின்றுவிட்டார். நகரவில்லை. தண்ணீரில் கோலம் போடுகிறவளைப் பற்றிச் சொன்னார். புள்ளி வைக்கும்போதே கலைவதைச் சொன்னார். அண்ணன் சோற்றைத் தின்றவன் அண்ணனை விட்டுவிட்டு எப்படி வருவான் என்று கேட்டார். அரை மணி நேரமாவது இருக்கும். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எழுதுகிறவன் புத்தி எனக்கு. இவருக்கு வீட்டில் ஏதோ அண்ணன் தம்பி தகராறு இருக்கிறது, அதுதான் இப்படி வருகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்டுவிட வேண்டும் என்று அவ்வளவு குளிரிலும் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் டீக்கடையில் வைத்துச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு அண்ணனும் இல்ல, அனியனும் இல்ல. நாலு பெங்ஙள்மார், அக்கா தங்கச்சிங்க. என் ஆசான் அங்கதான் நிப்பாரு. அதான் நானும் நின்னேன்" என்றார்.

என் துப்பறியும் வேலை அதோடு முடிந்தது. அவர் சட்டியில் இருந்ததை ஆசான் போட்டிருக்கிறார். ஆசானுக்கு அவருடைய ஆசான் போட்டிருப்பார். எல்லோருக்கும் முதலில் கம்பன். கம்பனுக்கு யார் போட்டார்களோ.

அப்போ அந்த அரை மணி நேரத்தில் அவருடையது என்று எதுவுமே இல்லையா? அதையும் யோசித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். ராத்திரி ஒன்றைக் கவனித்திருந்தேன். நீர்க்கோலத்தில் நின்றிருந்தபோது அவருக்கு நேராக இருந்த விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்துவிட்டது. கும்பகர்ணன் பாதி இருட்டாகிவிட்டான். வேறு இடமாக இருந்தால் உடனே எண்ணெய்க்காரப் பையனை அதட்டியிருப்பார், அதற்கு முன் ரெண்டு தடவை அதட்டியும் இருந்தார். இங்கே அப்படியே பேசிக்கொண்டு போனார். அதைச் சொன்னேன். "விளக்கு கெட்டோ? ஞான் கண்டில்லல்லோ" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

நிற்கிற இடத்தை ஆசான் கொடுத்தார். விளக்கு அணைந்ததைக் கவனிக்காதது அவருடையது. ஒருவருடைய உள் என்று ஒன்று தெரிகிறதென்றால் அது அந்த மாதிரி இடத்தில்தான் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன வந்தது என்பதைவிட, எந்த இடத்தில் தன்னை மறந்தார் என்பதில். ராவணனுக்கும் அவர்தான் பேசினார், நன்றாகவே பேசினார். அதற்காக அவர் வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டுக்காரர் மனதில் சீதையைத் தூக்கும் எண்ணம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

சரி, உங்கள் 'ஒரே ராத்திரி'க்கு வருகிறேன். எழுதுகிறவர்கள் இதை ஒரு பெருமையோடு சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குகளைக் காட்டினாள் என்று ராமானுஜன் சொன்னதை எல்லோரும் சொல்கிறோம். கும்பகோணத்தில் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டதைச் சொல்வதில்லை. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போடுவார், நிறைந்ததும் முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். கடைசியில் வந்த விடை மட்டும் நோட்டுக்குப் போகும். நோட்டைப் பார்க்கிறவனுக்கு வானத்திலிருந்து விழுந்த மாதிரிதான் இருக்கும், வழியெல்லாம் முழங்கையோடு போய்விட்டதே. தாயார் வந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் தாயாருக்கும் உள்ள விஷயம். தாயார் வந்தபோது அங்கே ஒரு சிலேட்டும் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் 2 வருஷம் சிலேட்டில் எழுதி அழித்திருக்கிறீர்கள். எந்தெந்த ராத்திரி என்று உங்களுக்கே நினைவிருக்காது. யாரோ சொல்லச் சொல்ல எழுதியது மாதிரி இருந்தது என்கிறீர்கள். சொன்னது அந்த ராத்திரிகளாக இருக்கும்.

உங்கள் அக்கா அதை, பகவதி கோயிலில் அருள் வந்து ஆடுகிற வெளிச்சப்பாடு சொல்லும் வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். சன்னதம் வந்தபோது வாயில் வருவதெல்லாம் சத்தியம் என்று. ஆனால் வெளிச்சப்பாடு மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, நேற்றுச் சொன்ன அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்வதில்லை. நேற்று அவர் யாரைத் திட்டினாலும் இன்றைக்கு யாரும் அவரிடம் கோபித்துக்கொள்வதும் இல்லை. எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏனென்றால் காலையில் நாம் திருத்துகிறோம். நீங்களும் திருத்தியிருக்கிறீர்கள், ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் வேண்டும். என்ன திருத்தினீர்கள்? அடித்த தாள் இருக்கிறதா? மகள் கடைசியில் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்வதாக ஒரு பத்தி எழுதி அடித்தீர்களா? அல்லது இன்னும் கொடூரமாக இருந்ததைக் குறைத்தீர்களா? ராத்திரி வந்தது உங்கள் சட்டியிலிருந்து வந்திருக்கலாம், உங்கள் ஊர்ச் சட்டியிலிருந்து வந்திருக்கலாம். காலையில் பேனாவைப் பிடித்தது நீங்கள். உங்களைத் தேட வேண்டுமென்றால் அந்தத் தாளில் தேடுங்கள்.

கதையை நான் படித்தேன். இதழைத் தேடி வாங்கித்தான் படித்தேன். கொஞ்சம் குறையும் இருக்கிறது, முதல் பக்கத்தில் வீட்டை வர்ணிப்பதில் பாதியை எடுத்துவிடலாம். அந்த டம்ளர் விஷயத்தைத்தான் மறக்க முடியவில்லை. முதல் தட்டுகள் டம்ளரில் தண்ணீர் இருக்கும்போது தட்டுவது, அதனால் சத்தம் மொத்தையாக இருக்கிறது. ஒன்பதாவது தட்டில் தண்ணீர் சிந்திவிடுகிறது. அதற்கப்புறம் கணீரென்று கேட்கிறது. மகள் அதை வைத்து, பாய் நனைந்திருக்கும், காலையில் காயப்போட வேண்டும் என்று நினைக்கிறாள். போகாமல் படுத்துக்கொண்டே நினைக்கிறாள்.

விஷம் உள்ளவருக்கு இந்தக் காது வராது சகோதரி. வெறுப்பு இருந்தால் தட்டு எல்லாம் ஒரே தட்டாகத்தான் கேட்கும். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பழகிய காது, எத்தனையோ ராத்திரி எழுந்து போன ஒருவருடையது. உங்கள் விளக்கு அணைந்த இடம் இதுதான். என்றைக்காவது ஒரு ராத்திரி எழுந்து போகாமல் படுத்திருந்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. படுத்திருந்தாலும் அது பெரிய விஷயமில்லை. 2 வருஷம் நோயாளியைப் பார்த்துக்கொண்ட யாரிடமும் அப்படி ஒரு ராத்திரி இருக்கும். என்னிடமும் இருக்கிறது, என் அப்பா விஷயத்தில். நான் அதை இன்னும் எழுதவில்லை. எழுதினால் எனக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் வருமா என்று சந்தேகம்.

அதனால் கதையை எடுக்காதீர்கள். தொகுப்பில் முதலாவதாகவும் வைக்காதீர்கள், நடுவில் எங்காவது இருக்கட்டும். அக்காவிடம், அது கற்பனை, நான் அப்படி இல்லை என்றெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சொன்னாலும் நம்ப மாட்டார். பெரிய புத்தியாக எழுதுகிறவனுக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எடுபட்டதில்லை. ஒருமுறை போன் செய்யுங்கள். செய்தால் ஒன்று மட்டும் கேளுங்கள், அம்மா டம்ளரைத் தட்டும் சத்தம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லாமல், சும்மா. திருப்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போனவருக்கு, தான் கேட்காத தட்டுகள் எத்தனை என்ற கணக்கு இருந்திருக்கலாம். அதை உங்கள் கதை எண்ணிச் சொல்லிவிட்டது.

அடித்த தாள் கிடைத்தால் அனுப்புங்கள். பொங்கலுக்கு அப்புறம் கூத்து ஆரம்பித்துவிடும். போனால் சால்வை எடுத்துக்கொண்டு போங்கள், கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததில்லை.

அன்புடன்,
அண்ணன்